பாட்டன் பட்ட பசி பேரனுக்குச் சீனி வருத்தமாக வருமா?

கொட்டகலை ஆசிரியர் (வெள்ளி, இரவு 8.40)

வணக்கம். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். சில வாரங்களாக ஒரு பதிவு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "தலைமன்னாரில் இறங்கி மாத்தளைவரை பட்டினியோடு நடந்த நம் முன்னோரின் பசி நம் பரம்பரையலகுகளில் (ஜீன்களில்) எழுதப்பட்டுவிட்டது. இன்று லயனுக்கு லயன் (தோட்ட வரிசை வீடுகள்) சீனி வருத்தம் (நீரிழிவு) இருப்பதற்கு அதுதான் காரணம். எபிஜெனெடிக்ஸ் இதை நிரூபித்துவிட்டது" என்பது அதன் சாரம். (பரம்பரையலகின் எழுத்தை மாற்றாமல் அது வாசிக்கப்படும் விதத்தை மாற்றும் அடையாளங்களைப் படிப்பதே எபிஜெனெடிக்ஸ்.) மலையகத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த இருநூறாம் ஆண்டை நினைத்து 2023 இல் நடந்த மலையகம் 200 நடைபயணத்தின் படங்களையும் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பகிராதவர்கள் குறைவு.

நேற்று ஒரு மாணவி எழுந்து, "சேர், இதைப் பரீட்சையில் எழுதலாமா?" என்று கேட்டாள். எழுதாதே என்றேன். ஏன் என்றாள். ஹிஸ்டோன் பற்றிப் பாடநூலில் இருக்கும் வரிகளை வைத்துக்கொண்டு அந்த ஏனுக்குப் பதில் சொல்ல முடியாது. துறை தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். இதில் நிறுவப்பட்டது எது, நாம் ஆசைப்படுவது எது?

நாட்சம்பளம் (வெள்ளி, இரவு 9.05)

நான் துறை தெரிந்தவன் அல்லன். தொழிற்சங்க வேலையில் தலை நரைத்தவன். அந்தப் பதிவைப் பகிர்ந்தவர்களில் நானும் ஒருவன். நடந்து வந்த காட்டுவழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர்ப் பட்டியல் கிடையாது. எஞ்சியிருப்பது நம் உடம்புதான். அந்த உடம்பே சாட்சி சொல்கிறது என்று ஒரு விஞ்ஞானம் சொன்னால் அதை எதற்காகத் தள்ள வேண்டும்?

பதுளைக்காரன் (வெள்ளி, இரவு 11.20)

ஆசிரியர் ஐயா, நான் பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவன். இப்போது வெளிநாட்டில் குரோமற்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். முதலில் அடிப்படையை எழுதிவிடுகிறேன், சண்டைக்குப் பிறகு வருவோம்.

ஒரு கலத்தில் இருக்கும் டி.என்.ஏ. இழையை நீட்டினால் சுமார் 2 மீற்றர். அது அடங்க வேண்டிய கலத்தின் கரு, மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கும் இல்லை. ஆகவே அது ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக்கொள்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த ஒரு திரளையை டி.என்.ஏ. ஏணியின் படிகளான மூலச் சோடிகள் 147 ஏறக்குறைய ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாகச் சுற்றியிருக்கும். அதுவே நியூக்கிளியோசோம். ஒரு கலத்தில் இத்தகையவை மூன்று கோடி அளவில் உண்டு. இந்த அமைப்பை 1974 இல் ரொஜர் கோர்ன்பேர்க் முன்மொழிந்தார். 1997 இல் கரோலின் லூகர், திமொதி ரிச்மண்ட் குழுவினர் அதன் வடிவத்தை அணு அளவில் காட்டினார்கள். டி.என்.ஏ.வும் இந்தப் புரதங்களும் சேர்ந்ததுதான் குரோமற்றின்.

ஹிஸ்டோன்களின் வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் அசற்றைல் கூட்டம் என்ற சிறு இரசாயனத் துண்டு ஏறினால் பொதுவாக அந்த இடம் திறக்கும், பரம்பரையலகு வாசிக்கப்படும். சில இடங்களில் மெதைல் என்ற இன்னொரு துண்டு ஏறினால் மூடும், வேறு சில இடங்களில் மெதைலே திறப்பதற்கு அடையாளம். டி.என்.ஏ.யில் உள்ள சைற்றோசின் என்ற எழுத்தின் மீதும் மெதைல் ஏறும். பரம்பரையலகின் தொடக்கப் பகுதியில் அது அடர்த்தியாக ஏறினால் அந்த அலகு பெரும்பாலும் அடங்கிவிடும். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: செக்ரோலில் (தொழிலாளர் பெயரேட்டில்) எல்லாருடைய பெயரும் இருக்கும், ஆனால் இன்று யாருக்குப் பேர் (முழுநாள் சம்பளம்) விழுகிறது, யாருக்கு அரைப்பேர் என்பது வேறு கணக்கு. ஈரல் கலத்திலும் மூளைக் கலத்திலும் இருப்பது ஒரே செக்ரோல்.

இந்த அடையாளங்களில் சில, கலம் பிரியும்போது மகட் கலங்களுக்கும் போகும். பிரிந்த புதிய இழையில் பழைய மெதைல் அடையாளத்தைப் பார்த்து மீண்டும் பதிக்க டி.என்.எம்.டி.1 என்ற நொதியம் இருக்கிறது. ஈரல் கலம் ஈரல் கலமாகவே நீடிப்பது இப்படித்தான். இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை. கலத்திலிருந்து கலத்துக்குப் போகிறது என்பதை, பாட்டனிடமிருந்து பேரனுக்குப் போகிறது என்று நீட்டும் இடத்தில்தான் வாட்ஸ்அப் பதிவு தடுக்கி விழுகிறது. அது நாளைக்கு.

உயர்தர மாணவி (சனி, காலை 6.50)

வகுப்பில் ஏன் என்று கேட்டது நான்தான். அண்ணன், நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள், இன்று மேலதிக வகுப்பு இல்லை.

பதுளைக்காரன் (சனி, காலை 10.15)

சரி தங்கச்சி.

இந்தக் கதைகளுக்கெல்லாம் வேர் நெதர்லாந்து. 1944 இறுதியில் ஜேர்மன் படை நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு போகும் வழியை அடைத்தது. நவம்பர் முடிவில் பங்கீட்டு உணவு நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே இறங்கியது, பின்னர் ஏறக்குறைய 500 வரை போனது. 1945 மேயில் விடுதலை கிடைத்ததும் உணவு வந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் கருவில் இருந்தவர்களை அறுபது வருடத்துக்குப் பிறகு தேடிப்பிடித்து, பஞ்சத்துக்கு முன்னோ பின்னோ பிறந்த அவர்களுடைய சொந்தச் சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டார்கள். பாஸ் ஹெய்மன்ஸ், எல். எச். லூமி குழுவின் அந்த ஆய்வு 2008 இல் வெளியானது. கருத்தரித்த காலத்தை ஒட்டிப் பஞ்சத்தில் சிக்கிய 60 பேரில், ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சிப் பரம்பரையலகின் அருகே மெதைல் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் சிக்கியவர்களிடம் அந்த வித்தியாசம் இல்லை.

எவ்வளவு குறைவு தெரியுமா? சகோதரர்களிடம் நூற்றுக்கு 51.5, இவர்களிடம் 48.8. அதுவும் இரத்தக் கலங்களில் அளந்தது. சீனி வருத்தத்தைத் தீர்மானிக்கும் சதையியிலோ ஈரலிலோ அளந்ததல்ல. வித்தியாசம் உண்மை, அறுபது வருடம் நீடித்திருப்பது வியப்பு. ஆனால் இதை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் நோய்க்குக் காரணம் இதுவே என்று சொல்ல எந்த ஆய்வாளரும் துணிய மாட்டார்.

இதைவிட முக்கியமாக, இவர்கள் எல்லாரும் பஞ்சத்தை நேரடியாக அனுபவித்தவர்கள். கருவில் இருந்து அனுபவித்தார்கள், அவ்வளவுதான். தாத்தாவின் பசி அல்ல இது.

உயர்தர மாணவி (சனி, காலை 10.40)

அப்படியென்றால் அம்மம்மா கர்ப்பமாக இருந்தபோது பட்டினி கிடந்து, அது எனக்கு வந்தால்? அது பரம்பரை ஆகாதா?

பதுளைக்காரன் (சனி, காலை 11.30)

நல்ல கேள்வி. உன் அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே, அம்மாவின் சூலகத்தில் முட்டைக் கலங்கள் உருவாகிவிட்டன. அவற்றில் ஒன்றுதான் பிறகு நீ. ஆகவே அந்தப் பட்டினியை மூன்று தலைமுறையும் ஒரே நேரத்தில் சந்திக்கிறது. தாய் வழியில் நான்காவது தலைமுறையிலும் அடையாளம் தெரிந்தால்தான் உண்மையான பரம்பரைக் கடத்தல் என்று ஏற்பார்கள். தந்தை வழியில் மூன்றாவது தலைமுறை போதும்.

அங்கேதான் தடை. முலையூட்டிகளில் மெதைல் அடையாளங்கள் இரண்டு முறை பெருமளவு அழிக்கப்படுகின்றன. ஒன்று, கருக்கட்டல் முடிந்த சில நாட்களில். மற்றொன்று, கருவுக்குள் விந்து, முட்டை ஆகப்போகும் மூலக் கலங்கள் உருவாகும்போது. தப்புபவை சில உண்டு. தாயிடமிருந்து வந்ததா தந்தையிடமிருந்து வந்ததா என்று முத்திரை குத்தப்பட்ட பரம்பரையலகுகள் முதலாவது அழிப்பில் தப்புகின்றன. எலிகளில் வேறு சில விதிவிலக்குகளும் இருக்கின்றன. தாவரங்களிலும் புழுக்களிலும் தலைமுறை தாண்டிய கடத்தல் வலுவாகவே காட்டப்பட்டிருக்கிறது. மனிதனில், பட்டினியின் மெதைல் அடையாளம் நான்கைந்து தலைமுறை இறங்கி வந்ததாகக் காட்டிய ஆய்வு ஒன்றும் இல்லை. கோப்பிக் காலத்தில் நடந்து வந்தவர்களிலிருந்து உன் வகுப்புவரை ஆறேழு தலைமுறை ஆகிவிட்டது.

நாட்சம்பளம் (சனி, நண்பகல் 12.10)

யூத இன அழிப்பில் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் கண்டுபிடித்தார்களே? அது பத்திரிகைகளில் எல்லாம் வந்ததே. அவர்களுக்கு மட்டும் உடம்பு சாட்சி சொல்லலாம், நமக்குச் சொல்லக் கூடாதா?

பதுளைக்காரன் (சனி, பிற்பகல் 1.00)

நீங்கள் சொல்வது ரேச்சல் யெஹுடா குழுவின் 2015 ஆம் ஆண்டு ஆய்வு. எஃப்.கே.பி.பி.5 என்ற, மன அழுத்த ஹோர்மோனோடு தொடர்புள்ள பரம்பரையலகைப் பார்த்தார்கள். தப்பியவர்கள் 32 பேர், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 22 பேர். ஒப்பிட எடுத்த குடும்பங்கள் இன்னும் குறைவு. அத்தனை சிறிய ஆய்வில் பிள்ளைகளின் சொந்த வாழ்க்கை அனுபவத்தையும் பெற்றோரிடமிருந்து வந்ததையும் பிரிப்பது இயலாத காரியம் என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. அவர்களுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் இல்லை. இருவருக்கும் ஆதாரம் மெலிதுதான்.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்காது. சுவீடனின் வடக்கே ஊவர்காலிக்ஸ் என்ற ஊரில் பழைய அறுவடைப் பதிவுகளை வைத்து லார்ஸ் ஒலோவ் பிக்ரென், குன்னர் காத்தி ஆகியோர் ஆராய்ந்தார்கள். பேரன் சீனி வருத்தத்தில் இறப்பது கூடியது தந்தை வழிப் பாட்டன் சிறுவயதில் பட்டினி கிடந்ததனால் அல்ல. அவர் அந்த வயதில் வயிறு நிறையச் சாப்பிட்டதனால்! அதாவது வாட்ஸ்அப் பதிவுக்கு நேர் எதிர். பிறகு டெனி வோகெரோ குழு உப்சாலாவில் மிகப் பெரிய தொகையினரை ஆராய்ந்து 2018 இல் வெளியிட்டபோது, பேரன்களிடம் புற்றுநோய் மரணத்தில் ஓரளவு தொடர்பு தெரிந்தது, சீனி வருத்தத்தில் தெரியவில்லை. பாட்டன் உண்ட சோற்றைப் பற்றிய இந்த ஆய்வுகளை நானே முழுதாக நம்பவில்லை. ஆனால் மேற்கோள் காட்டுகிறவர்கள் அவை சொன்ன திசையையாவது மாற்றாமல் சொல்ல வேண்டும்.

மஸ்கெலியா மருத்துவமாது (சனி, இரவு 7.30)

வேலை முடிந்து இப்போதுதான் வாசித்தேன். பதுளைத் தம்பி நிதானமாக எழுதியிருக்கிறார், எனக்கு அந்த நிதானம் வராது.

நாட்சம்பளம் அண்ணன், இந்தக் கதை யாருக்கு உதவுகிறது என்று எப்போதாவது யோசித்தீர்களா? ஒரு கூட்டத்தில் நிறை குறைந்த பிறப்புகள் பற்றிக் கேட்டபோது, நன்றாகப் படித்த ஒருவர் எழுந்து, "இவர்களுடைய உடல்வாகு அப்படி, பரம்பரையாகவே சின்ன உடம்பு" என்றார். உங்கள் பதிவு அவருடைய வாயில் சர்க்கரை போடுகிறது. இருநூறு வருடத்துக்கு முன்னே எழுதப்பட்டுவிட்டது என்றால், இன்று கர்ப்பிணிக்கு யார் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் வேண்டாம் அல்லவா?

2016 இல் நாடு முழுவதும் நடந்த மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் அளவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாட்டுச் சராசரி 17. இது பாட்டனின் பசியா? நான் பார்க்கிற கர்ப்பிணி ஏழாம் மாதத்திலும் மலையேறுகிறாள். காலையில் கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும், பகலுக்கும் அதே ரொட்டி. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குகிறாள், தேநீர் இரும்பைச் சேரவிடாது என்று எத்தனை முறை சொன்னாலும். கர்ப்பிணிக்கு அரசு தரும் சத்துமாவான திரிபோஷா வீட்டிலே எல்லாருக்கும் பங்கு. 2022 நெருக்கடியில் அதுவும் ஒழுங்காக வரவில்லை. பரம்பரையலகைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை, லயன் அடுப்படியைப் பார்த்தால் போதும்.

நாட்சம்பளம் (சனி, இரவு 8.15)

அடுப்படியை நானும் பார்த்திருக்கிறேன் தங்கச்சி. அந்த ரொட்டி ஏன் ரொட்டியாகவே இருக்கிறது என்று கேட்டால் மறுபடியும் வரலாற்றுக்குத்தான் வர வேண்டும். பதிவை நான் நீக்கப்போவதில்லை. விஞ்ஞானம் என்ற சொல்லை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன்.

பச்சைக்கொழுந்து (சனி, இரவு 8.50)

எல்லாரும் கவலைப்படாதீர்கள். தேயிலையில் உள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் மூடிய பரம்பரையலகுகளைத் திறக்கும் என்று ஆராய்ச்சி சொல்கிறது. நாம் பறிக்கிற கொழுந்திலேயே நமக்கு மருந்து இருக்கிறது. தூய பச்சைத் தேயிலைத் தூள் என்னிடம் கிடைக்கும், உட்பெட்டிக்கு வரவும்.

பதுளைக்காரன் (சனி, இரவு 9.30)

அந்த ஆய்வு 2003 இல் வந்தது. தட்டில் வளர்த்த களப் (உணவுக்குழாய்ப்) புற்றுநோய்க் கலங்களில் ஈ.ஜி.சி.ஜி.யை ஊற்றியபோது, மெதைல் ஏற்றும் நொதியம் தடைப்பட்டு, அடங்கியிருந்த சில பரம்பரையலகுகள் விழித்தன. உண்மை. ஆனால் அங்கே பயன்படுத்திய செறிவு, தேநீர் குடித்த மனிதரின் இரத்தத்தில் காணப்படுவதைவிடப் பல மடங்கு. மேலும் நம் மலைகளில் பெரும்பாலும் செய்வது கறுப்புத் தேயிலை. கொழுந்தை அரைத்துக் காற்றில் விடும்போது அந்தப் பொருள்களில் பெரும்பங்கு தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்று மாறிவிடும், தேநீருக்கு அந்த நிறமும் துவர்ப்பும் வருவதே அதனால்தான். தேநீரைத் தேநீராக விற்றுவிட்டுப் போங்கள்.

கம்பளை அம்மா (ஞாயிறு, அதிகாலை 5.20)

நான் படித்தவள் அல்ல, ஆனாலும் எல்லாவற்றையும் வாசித்தேன். என் மகனுக்குத் தலசீமியா, பரம்பரை இரத்த நோய். மாதம் ஒருமுறை இரத்தம் ஏற்றப் போகிறோம். பிறந்த முதல் சில மாதம் கொழுக்கு மொழுக்கென்று இருந்தான், பிறகுதான் வெளுத்துப்போனான். ஏன் முதலில் நன்றாக இருந்தான் என்று நான் கேட்காத ஆள் இல்லை. நீங்கள் பேசுகிற திறப்பதும் மூடுவதும் அதோடு சம்பந்தப்பட்டதா? வெளிநாட்டில் ஏதோ புதிய மருந்து என்று என் தம்பி சொன்னான்.

பதுளைக்காரன் (ஞாயிறு, காலை 9.00)

அக்கா, இந்த இழையிலேயே சரியான கேள்வி உங்களுடையது. பாட்டன் கதையில் தேய்ந்துபோன விஞ்ஞானம் உங்கள் மகனின் நோயில்தான் முழு உயிரோடு இருக்கிறது.

வயிற்றில் இருக்கும் குழந்தை வேறு வகை ஈமோகுளோபினைச் செய்கிறது. அதில் காமா என்ற சங்கிலி இருக்கும். பிறந்த சில மாதங்களில் காமா மூடப்பட்டு, பீற்றா சங்கிலி அந்த இடத்துக்கு வருகிறது. பீற்றா தலசீமியாவில் பழுது பீற்றாவில் மட்டும். காமா வேலை செய்தவரை உங்கள் மகனுக்குக் குறை தெரியவில்லை. அது மூடியதும் நோய் வெளியே வந்தது. நீங்கள் செய்ததோ செய்யாததோ எதுவும் அதற்குக் காரணம் இல்லை.

காமாவை மூடுவது யார்? பி.சி.எல்.11ஏ என்ற புரதம். ஸ்ருவர்ட் ஓர்கின் ஆய்வுகூடத்தில் விஜய் சங்கரன் முதலானோர் 2008 இல் இதைக் காட்டினார்கள். இந்தப் புரதம் தனியாக வருவதில்லை. ஹிஸ்டோன்களிலிருந்து அசற்றைலைக் கழற்றி, நியூக்கிளியோசோம்களை நெருக்கிவைக்கும் ஒரு புரதக் கூட்டத்தையும் அழைத்துக்கொண்டு வந்து குரோமற்றினை அடைக்கிறது. காமா பரம்பரையலகு பழுதாகவில்லை, இன்றும் உங்கள் மகனின் ஒவ்வொரு கலத்திலும் முழுதாக இருக்கிறது. அடைத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

தம்பி சொன்னது காஸ்கெவி என்ற சிகிச்சையாக இருக்கும். நோயாளியின் சொந்த எலும்பு மச்சையின் (மஜ்ஜையின்) இரத்த மூலக் கலங்களை எடுத்து, சிவப்பணுக்களில் மட்டும் பி.சி.எல்.11ஏ யைத் தூண்டும் சிறு பகுதியை வெட்டிவிட்டு, கலங்களைத் திரும்ப ஏற்றுகிறார்கள். காவலாளி குறைந்ததும் காமா திறக்கிறது. 2023 நவம்பரில் ஐக்கிய இராச்சியத்தில் முதல் அனுமதி கிடைத்தது. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் பீற்றா தலசீமியாவுக்கும் அனுமதித்தார்கள். அப்போது அங்கே அறிவித்த விலை 22 இலட்சம் டொலர். திரும்ப ஏற்றுவதற்கு முன் மச்சையை அழிக்கக் கடுமையான மருந்தும் கொடுக்க வேண்டும். நம்மைப் போன்ற நாட்டுக்கு இது எப்போது எட்டும் என்று பொய்யாக நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் ஹைட்ரொக்சியூரியா என்ற மலிவான பழைய மாத்திரை சிலருக்குக் காமாவை ஓரளவு கூட்டும். உங்கள் மகனின் வகைக்குப் பொருந்துமா என்று இரத்தம் ஏற்றும் இடத்து டொக்டரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் தொடங்க வேண்டாம், இரத்த அணுக்களைக் கணக்குப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மாத்திரை அது. உங்களுக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் நோயை வெளியே காட்டாமல் சுமக்கிறார்களா என்று பார்க்கும் காவி நிலைப் பரிசோதனை திருமணத்துக்கு முன் அவர்களுக்கும் அவசியம்.

கம்பளை அம்மா (ஞாயிறு, காலை 9.45)

மகள் இருக்கிறாள், பதினேழு வயது. அடுத்த முறை போகும்போது அவளையும் அழைத்துக்கொண்டு போகிறேன். மாத்திரையின் பெயரைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். நன்றி தம்பி.

கொட்டகலை ஆசிரியர் (ஞாயிறு, காலை 11.10)

இதைத்தான் வகுப்பில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. குரோமற்றின் பொறியே பழுதாகி வரும் வேறு நோய்கள் இருந்தால் எழுதுங்கள். மாணவர்களுக்குப் பட்டியல் வேண்டாம், இரண்டு மூன்று ஆழமாக இருந்தால் போதும்.

பதுளைக்காரன் (ஞாயிறு, பிற்பகல் 3.40)

ரெட் நோய்க்குறி. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கு, ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை ஒழுங்காக வளர்ந்த பிள்ளை பேச்சை இழக்கும், கைகளை ஓயாமல் பிசையும். காரணம், மெதைல் ஏறிய டி.என்.ஏ.யைப் பற்றிப்பிடிக்கும் எம்.இ.சி.பி.2 என்ற புரதத்தில் விகாரம். 1999 இல் ஹுடா சொக்பியின் ஆய்வுகூடம் கண்டுபிடித்தது. 2007 இல் ஏட்ரியன் பேர்ட் குழு, நோய் முற்றிய எலிகளில் அந்தப் பரம்பரையலகை மீண்டும் இயங்கவைத்தபோது எலிகள் பெருமளவு தேறின. மூளை இறந்துபோகவில்லை, வாசிப்புத்தான் குழம்பியிருந்தது என்று அன்று தெரிந்தது. எனக்கு இந்தத் துறைக்கு வர ஆசை வந்ததே அந்தக் கட்டுரையால்.

அடுத்தது புற்றுநோய். குழந்தைகளின் மூளைத்தண்டில் வரும் ஒரு கொடிய கட்டியில், எச்3 ஹிஸ்டோனின் 27 ஆவது இடத்து லைசீன் என்ற அமினோ அமிலம் மெதியோனீன் என்ற வேறொன்றாக மாறியிருப்பதை 2012 இல் கண்டார்கள். ஹிஸ்டோனிலேயே நேரடியாக விகாரம். அந்த ஒரே மாற்றம், மெதைல் ஏற்றும் நொதியத்தை முடக்கி, அடைபட்டிருக்க வேண்டிய இடங்களைத் திறந்துவிடுகிறது. பெரியவர்களின் புற்றுநோய்களில் வேறு விதம்: மொத்தத்தில் மெதைல் குறையும், ஆனால் கட்டியை அடக்கும் பரம்பரையலகுகளின் வாசலில் மட்டும் மெதைல் குவியும். இந்த மெதைலைக் குறைக்கும் அசாசிற்றிடின் என்ற மருந்து 1964 இல் பிராக் நகரில் சாதாரண நச்சு மருந்தாகச் செய்யப்பட்டது. அது மெதைலைத் தொடுகிறது என்று 1980 இல்தான் புரிந்தது. 2004 இல் எலும்பு மச்சை நோயொன்றுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நாற்பது வருடம்!

நம் ஊருக்கு நெருங்கியது வாய்ப் புற்றுநோய். இலங்கை ஆண்களிடம் முன்னணியில் நிற்கும் புற்றுநோய் அதுதான். புகையிலை சேர்க்காத பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வகைப்படுத்திவிட்டது. அந்தக் கட்டிகளில் பி16 என்ற காவல் பரம்பரையலகு மெதைலால் அடைபட்டிருப்பது அடிக்கடி காணப்படுகிறது. வெற்றிலை குதப்பிக்கொண்டே பாட்டனின் பரம்பரையலகைப் பற்றிப் பேசும் பெரியவர்களுக்கு இதை வாசித்துக்காட்டுங்கள்.

கூடலூர் பேரன் (ஞாயிறு, மாலை 6.20)

நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். அம்மா 1975 தொடக்கத்தில் தலவாக்கலைப் பக்கம் பிறந்தார். 1974 பஞ்சத்தில் அம்மாச்சி காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றதைச் சொல்லிச் சொல்லி அழுவார். அம்மாவுக்கு நாற்பதிலேயே சீனி வந்துவிட்டது. பெரியம்மா பஞ்சத்துக்கு முன்னே பிறந்தவர், சித்தி இங்கே கூடலூரில் பிறந்தவர், இருவருக்கும் இல்லை. நெதர்லாந்தில் செய்தது போலச் சகோதரிகளை ஒப்பிட்டால் நமக்கும் விடை கிடைக்குமே?

பதுளைக்காரன் (ஞாயிறு, இரவு 8.00)

நீங்கள் கேட்டது ஆறு தலைமுறைக் கதை அல்ல, கருவில் பட்ட பசி. ஆகவே தூக்கி எறிய முடியாத கேள்வி. 1974 இல் தோட்டங்களில் மரண விகிதம் ஏறியது பதிவான வரலாறு. அன்று கருவில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயது, நோய்கள் வெளியே வரும் வயது.

ஆனால் நெதர்லாந்தில் இருந்த வசதி நமக்கு இல்லை. அங்கே பஞ்சம் ஒரு நவம்பரில் தொடங்கி ஒரு மேயில் முடிந்தது. முன்னும் பின்னும் ஓரளவு நல்ல சாப்பாடு. பங்கீட்டுக் கணக்கும் பிரசவப் பதிவும் பத்திரமாக இருந்தன. இங்கே பசி எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது? லெனின்கிராட் முற்றுகையில் கருவில் இருந்தவர்களை ஆராய்ந்து 1997 இல் வெளியிட்டபோது, குளுக்கோசுப் பரிசோதனையில் மற்றவர்களோடு வித்தியாசம் தெரியவில்லை. முற்றுகைக்குப் பிறகும் அங்கே சாப்பாடு தட்டுப்பாடாகவே இருந்தது, ஆகவே உடம்பு திடீரென்று பெருக்கவில்லை என்பது ஒரு விளக்கம். வயிற்றில் வறுமை, பிறகு வேகமான பெருக்கம் என்ற இரண்டும் சேர்வதுதான் ஆபத்து என்று பலர் கருதுகிறார்கள். நம்மவர்கள் லெனின்கிராட்டா, நெதர்லாந்தா? குடும்பத்துக்குக் குடும்பம் வேறாக இருக்கும். சித்தி நாடே மாறி வளர்ந்தவர், பெரியம்மாவின் வயதே வேறு. மூன்று பேரை வைத்து முடிவுக்கு வர இயலாது. அம்மாவின் பிறப்பு நிறை தெரியுமா?

கூடலூர் பேரன் (ஞாயிறு, இரவு 8.10)

யார் நிறுத்தார்கள்? பிறந்த திகதியே கப்பல் பாஸில் தோராயமாகப் போட்டதுதான்.

மஸ்கெலியா மருத்துவமாது (ஞாயிறு, இரவு 9.00)

நிறுத்த இடங்களும் உண்டு. என் மூத்தவர்கள் தோட்ட டிஸ்பென்சரிப் பதிவேடுகளில் எழுதிவைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதுளைக்காரன் (ஞாயிறு, இரவு 9.40)

அக்கா, அந்தப் பதிவேடுகள் எவ்வளவு பெறுமதி தெரியுமா? பிறப்பு நிறைக்கும் பிற்கால இதய நோய்க்கும் உள்ள தொடர்பை டேவிட் பார்க்கர் 1989 இல் காட்டினார். 1911 முதல் 1930 வரை இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் பிறந்த 5654 ஆண்கள். அந்த ஆய்வு முழுவதும் மருத்துவமாதுகளின் பேரேடுகள் மீது நிற்கிறது. எதெல் மார்கரெட் பர்ன்சைட் என்ற மேற்பார்வையாளர், ஒவ்வொரு குழந்தையையும் பிறந்தபோதும் ஒரு வயதிலும் நிறுத்து எழுதச் சொன்னார். பிறக்கும்போதும் ஒரு வயதிலும் நிறை குறைந்தவர்களே பிற்காலத்தில் இதய நோயால் அதிகம் இறந்தார்கள். மெதைல், ஹிஸ்டோன் எல்லாம் பிறகு வந்த விளக்கங்கள். முதலில் இருந்தது தராசும் பேரேடும்.

நாட்சம்பளம் (ஞாயிறு, இரவு 10.05)

எங்கள் தோட்டத்தில் பழைய டிஸ்பென்சரி இப்போது உரக் களஞ்சியம். உள்ளே ஒரு அலுமாரி நிறையப் பழைய புத்தகங்கள், பாதி கரையான். கேட்டால் திறந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். விடாவிட்டால் திறக்கவைப்பது என் வேலை.

கொட்டகலை ஆசிரியர் (ஞாயிறு, இரவு 10.20)

மாணவர்களை அழைத்து வரலாமா?

பதுளைக்காரன் (ஞாயிறு, இரவு 10.45)

இப்போது வேண்டாம் ஐயா, அவை மனிதர்களின் மருத்துவப் பதிவுகள். பெயர் தெரியாத இளையவர் கையில் போகக் கூடாது, படம் எடுத்துக் குழுவில் போடவும் கூடாது. பல்கலைக்கழக மருத்துவ பீடம் ஒன்றின் ஒழுக்கநெறிக் குழு அனுமதித்த பிறகே யாரும் தரவைத் தொட வேண்டும், அதற்கான கடிதத்தை எழுத நான் உதவுகிறேன். இப்போதைக்கு எந்த ஆண்டுப் புத்தகங்கள் இருக்கின்றன, நிறை எழுதியிருக்கிறதா, இறாத்தலா கிலோவா என்பதை மட்டும் அக்கா பார்த்தால் போதும். கர்ப்ப வாரக் கணக்கு இருந்தால் மிக நல்லது. அது இல்லாவிட்டால் வயிற்றில் வளராத குழந்தையையும் நாளுக்கு முன்னே பிறந்த குழந்தையையும் பிரித்தறிய முடியாது.

மஸ்கெலியா மருத்துவமாது (ஞாயிறு, இரவு 11.00)

வாரக் கணக்கு அந்தக் காலப் புத்தகத்தில் இருக்காது. கடைசி மாதவிடாய்த் திகதி சிலவற்றில் இருக்கும், இறாத்தலும் அவுன்சும்தான் எழுதுவார்கள். என் பொறுப்பு அதிகாரியிடம் முதலில் கேட்கிறேன். அவர் சரி என்றால் அடுத்த சனிக்கிழமை கிளினிக் முடிந்து பிற்பகல் வருவேன். நாட்சம்பளம் அண்ணன், முகக்கவசமும் கையுறையும் நான் கொண்டுவருகிறேன், உரக் களஞ்சியத் திறப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.